கேன்டனா, நோவியா, ஆன் ஆர்பரா: மிச்சிகனில் கார் இன்சூரன்ஸை ஒப்பிடும் முறை

மிச்சிகனில் வீடு தேடும் நம் ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடம், வீட்டு வரி, அலுவலகத் தூரம் என்று எல்லாவற்றையும் எக்செலில் போட்டு அலசுவார்கள். கார் இன்சூரன்ஸ் மட்டும் அந்தத் தாளில் இருக்காது. வீடு வாங்கி, முகவரி மாற்றி, அடுத்த பில் வரும்போதுதான் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) மாறியதன் விலை தெரியவரும். ஓக்லாண்ட் கவுண்டியில் ஃபார்மிங்டன் ஹில்ஸில் வாடகைக்கு இருந்த நாங்கள் வீடு வாங்கக் கிளம்பியபோது மூன்று ஊர்கள் கடைசிவரை நின்றன: வெய்ன் கவுண்டியில் கேன்டன், ஓக்லாண்டில் நோவி, வாஷ்டெனாவில் ஆன் ஆர்பர். "வெய்ன் கவுண்டியா? இன்சூரன்ஸ் கையைக் கடிக்கும், பார்த்துக்கோ" என்று நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். அது எவ்வளவு உண்மை என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தோம்.

குழந்தைகள் தூங்கியபிறகு சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அதே இரண்டு கார், அதே இரண்டு ஓட்டுநர், முகவரியை மட்டும் மாற்றி மாற்றிக் கொட்டேஷன் எடுத்தோம். முதல் சுற்றில் கேன்டன்தான் மலிவாக வந்தது. எல்லோரும் பயமுறுத்திய வெய்ன் கவுண்டி! என் மனைவிதான் அந்தத் தாளை வரிவரியாகப் படித்துவிட்டு, "இதில் மெடிக்கல் 2,50,000 டாலர்னு போட்டிருக்கு. மத்த ரெண்டிலும் அன்லிமிடெட். இது ஆறு மாசத்துக்கு, அது ஒரு வருஷத்துக்கு" என்றாள். முகவரியை மாற்றும்போது அந்த இணையதளம் மற்ற கட்டங்களையும் தானாக மாற்றியிருந்தது. மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தபின் வரிசை தலைகீழானது: ஆன் ஆர்பர் குறைவு, அடுத்து நோவி, அதற்கு மேல் கேன்டன்.

ஆனால் அந்த இரவில் எங்களுக்குப் புரிந்தது வேறு. முகவரியை மாற்றியபோது தொகை நகர்ந்ததைவிட, மருத்துவச் செலவுக்கான வரம்பை மாற்றியபோது அதிகமாக நகர்ந்தது. அதனால் கவுண்டிகளை ஒப்பிடுவதற்கு முன் எந்த அளவு பாதுகாப்பு வேண்டும் என்று முடிவு செய்துவிட வேண்டும். இல்லையென்றால் மாம்பழத்தையும் மாங்கொட்டையையும் ஒரே தராசில் வைத்ததுபோல் ஆகிவிடும்.

மிச்சிகன் ஏன் தனி

இங்கே 1973 அக்டோபரிலிருந்து 'நோ-ஃபால்ட்' முறைதான். விபத்தில் தவறு யாருடையது என்று பார்க்காமல், உங்கள் மருத்துவச் செலவை உங்கள் இன்சூரன்ஸே கொடுக்கும். இந்தப் பகுதிக்கு பிஐபி என்று பெயர். 2020 ஜூலை வரைக்கும் எல்லோரும் வரம்பில்லாத, வாழ்நாள் முழுவதற்குமான பிஐபி எடுத்தே ஆக வேண்டும். வேறு எந்த மாநிலத்திலும் அப்படி ஒரு கட்டாயம் இருந்ததில்லை. தண்டுவடம் அடிபட்டுப் படுக்கையில் விழுந்தவருக்கு முப்பது வருடம் கழித்தும் செவிலியர் சம்பளத்தை இன்சூரன்ஸ்தான் கொடுத்தது. அதற்கான விலை பிரீமியத்தில் ஏறியது. மருத்துவமனைகள் கார் இன்சூரன்ஸிடம் வசூலிக்கக் கட்டண உச்சவரம்பும் அப்போது இல்லை.

கவுண்டிக்குக் கவுண்டி விலை அதிகமாக வேறுபடுவதும் இந்தப் பிஐபி பகுதியில்தான். டெட்ராய்டில் நெரிசல் அதிகம், இன்சூரன்ஸே இல்லாமல் ஓடும் கார்கள் அதிகம், மருத்துவக் கிளெய்ம்களும் அதைச் சுற்றிய வழக்குகளும் அதிகம். அந்தச் சுமையெல்லாம் பிஐபியில் வந்து விழுந்தது. கார் திருட்டும் சேர்ந்துகொள்ளும். சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத கருவி பொருத்தாத கியா, ஹூண்டாய் மாடல்கள் சில ஆண்டுகளாகத் திருடர்களுக்கு எளிதாகிவிட்டதை எல்லோரும் அறிவோம். வெய்ன் கவுண்டி என்ற பெயரைக் கேட்டதும் விலை கூடும் என்று சொல்வது டெட்ராய்டை மனதில் வைத்துத்தான். கேன்டனும் டெட்ராய்டும் ஒரே கவுண்டி என்றாலும் விலை ஒன்றல்ல.

2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அஞ்சல் குறியீடு, பாலினம், திருமண நிலை, சொந்த வீடு உண்டா, படிப்பு, வேலை, கிரெடிட் ஸ்கோர் ஆகியவற்றை வைத்து விலை வைக்கக்கூடாது என்று வந்தது. சரி, அப்படியானால் எங்கே இருந்தாலும் ஒரே விலையா? இல்லை. மாநிலக் காப்பீட்டுத் துறை அனுமதித்த 'டெரிட்டரி'யை, அதாவது நிறுவனம் தன் வசதிக்கு வகுத்துக்கொள்ளும் வட்டாரத்தை, வைத்து விலை வைக்கலாம். அந்த வட்டாரக் கோடு கவுண்டிக் கோட்டோடு ஒட்டிப் போக வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்தின் கணக்கில் கேன்டன் விலை அதிகமுள்ள வட்டாரத்தில் விழும். இன்னொன்றின் கணக்கில் பிளிமத், நார்த்வில்லோடு சேர்ந்து மிதமான வட்டாரத்தில் விழும். நான்கு நிறுவனங்களில் கேட்டுப் பார்க்க வேண்டியதற்குக் காரணம் இதுதான். கிரெடிட் ஸ்கோரை நேரடியாகப் பார்க்கக்கூடாது என்றாலும், கிரெடிட் வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட இன்சூரன்ஸ் ஸ்கோரைப் பார்க்கலாம். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருடம் பிரீமியம் கூடுதலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிஐபி: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது

திருத்தத்துக்குப் பிறகு முக்கியமாக மூன்று தேர்வுகள்: வரம்பில்லாதது, 5,00,000 டாலர், 2,50,000 டாலர். மெடிக்கெய்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருப்பவர்களுக்கு 50,000 டாலர் தேர்வு உண்டு. மெடிக்கேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஏ, பி இரண்டும் உள்ளவர்கள், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தகுதியான பாதுகாப்பு இருந்தால், பிஐபி மருத்துவத்தை முழுக்கவே விடலாம். குறைக்கக் குறைக்கப் பிரீமியமும் குறைய வேண்டும் என்று சட்டமே சொன்னது: பிஐபி பகுதியில் சராசரியாக, வரம்பில்லாததற்கு 10, 5,00,000-க்கு 20, 2,50,000-க்கு 35, 50,000-க்கு 45 சதவீதம், 2020 ஜூலையிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு. 'பிஐபி பகுதியில்', 'சராசரியாக' என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். மொத்த பில்லில் 35 சதவீதம் குறையும் என்று எதிர்பார்த்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு சிறிய தொகையும் பில்லில் இருக்கும். பெரிய கிளெய்ம்களுக்கு நிறுவனங்களுக்குப் பணம் திருப்பித் தரும் எம்சிசிஏ என்ற அமைப்புக்கு ஒவ்வொரு காருக்கும் கட்டும் தொகை அது. டெட்ராய்டோ, வடக்கே மேக்கினா பாலத்துக்கு அப்பால் ஹௌட்டனோ, எல்லாக் கவுண்டிக்கும் ஒரே தொகை. 2019-ல் ஒரு காருக்கு 220 டாலராக இருந்தது, அடுத்த ஆண்டே வரம்பில்லாத பிஐபி எடுத்தவர்களுக்கு 100 ஆனது; 2022-ல் காருக்கு 400 டாலர் எல்லோருக்கும் திருப்பியும் தந்தார்கள். ஆண்டுதோறும் மாறுவதால் ஒப்பிடும்போது இதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

எங்கள் அலுவலக நண்பர்களில் பலர் 2,50,000 டாலர் தேர்வுக்கு இறங்கிவிட்டார்கள். கம்பெனி மெடிக்கல் இருக்கிறதே என்பது வாதம். இதில் எனக்கு உடன்பாடில்லை. கம்பெனி மெடிக்கல் மருத்துவமனைச் செலவைக் கொடுக்கும். தலையில் அடிபட்டு, வீட்டோடு ஆள் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை வந்தால், வருடக்கணக்கில் அந்த ஆளின் சம்பளத்தையும், சக்கர நாற்காலி ஏற வீட்டை இடித்துக் கட்டும் செலவையும் பொதுவாக அது கொடுக்காது. வரம்பில்லாத பிஐபியும் பழையபடி இல்லைதான். 2021 ஜூலையிலிருந்து கட்டண உச்சவரம்பு வந்துவிட்டது. குடும்பத்தாரே பார்த்துக்கொண்டால் வாரத்துக்கு 56 மணி நேரத்துக்குத்தான் பணம். அப்படியும் அந்தப் பாதுகாப்புக்கு ஈடாக நாம் தனியாக வாங்கக்கூடியது எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது.

செலவைக் குறைக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது: 'கோஆர்டினேட்டட்' என்று கேட்டு வாங்குவது. வரம்பு அப்படியே இருக்கும், ஆனால் விபத்தில் முதலில் கம்பெனி மெடிக்கல் கொடுக்கும், மிச்சத்தைக் கார் இன்சூரன்ஸ் கொடுக்கும். உங்கள் மெடிக்கல் பிளான் கார் விபத்துக் காயங்களை விலக்கவில்லை என்று எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு படி போய், தகுதியான மெடிக்கல் பிளானைக் காட்டி பிஐபி மருத்துவத்தையே விலக்கும் வழியும் 2,50,000 தேர்வில் உண்டு. அதற்கு ஒருவருக்கான ஆண்டு டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். சட்டம் 6,000 டாலரில் தொடங்கியது, ஆண்டுதோறும் திருத்துவார்கள். எச்.ஆரிடம் கடிதம் வாங்க வேண்டும். ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். வேலை போனால் மெடிக்கலும் போகும். போன நாளிலிருந்து 30 நாளுக்குள் பிஐபி எடுத்தாக வேண்டும். விசாவைப் பற்றிக் கவலைப்படும் அந்த மாதத்தில் இது யாருக்கு நினைவு வரும்?

இப்போது, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா.

மிச்சிகனில் வசிக்காதவருக்கு, அவர் பெயரில் இங்கே பதிவாகி இன்சூரன்ஸ் உள்ள கார் இல்லையென்றால், பிஐபி கிடையாது. 2019 திருத்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆறு மாதம் பேரனைப் பார்க்க வரும் அம்மா நம் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது விபத்து நடந்தால், நாம் வரம்பில்லாத பிஐபி எடுத்திருந்தாலும் அதிலிருந்து அவர் மருத்துவச் செலவுக்கு ஒரு டாலரும் வராது. இதைப் படித்த அன்று எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அதற்கு முந்தைய கோடையில் என் பெற்றோரை மேக்கினா பாலம் வரைக்கும், போகவர 500 மைலுக்கு மேல், கூட்டிக்கொண்டு போய்வந்திருந்தேன். பாலத்தில் அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுக் கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர்களுக்கு எடுத்திருந்த பயணக் காப்பீடு, இருந்ததிலேயே விலை குறைந்தது. 50,000 டாலர் வரம்பு. எங்கள் ஏஜென்ட்டிடம் பெற்றோர் வருவதை முன்பே சொல்லியிருந்தேன், "உங்களுக்கு அன்லிமிடெட் இருக்கு, கவலை வேண்டாம்" என்றுதான் பதில் வந்தது. எந்தக் கவுண்டியில் வீடு வாங்கினாலும் இந்த ஓட்டை அப்படியே இருக்கும். பெற்றோருக்கான பயணக் காப்பீட்டை வரம்பு கூடுதலாக, கார் விபத்தை விலக்காததாகப் பார்த்து வாங்குவதுதான் வழி. நாம் குறைத்த ஐம்பது நூறு டாலரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

காரில் ஏற்றிச் செல்லும் நண்பர்களுக்கும் முன்புபோல் இல்லை. அவர்களுக்கோ அவர்கள் வீட்டிலோ பாலிசி இருந்தால் அதிலிருந்து வரும். இல்லையென்றால் மாநிலத்தின் அசைன்டு கிளெய்ம்ஸ் திட்டத்தில் கேட்க வேண்டும், அங்கே 2,50,000 டாலர் வரைதான். கார் வாங்காத மாணவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தவருக்கான பொறுப்பு, அப்புறம் நம் காரின் தகரம்

நம் தவறால் இன்னொருவர் அடிபட்டால் கொடுக்க வேண்டிய லயபிலிட்டி, நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒருவருக்கு 2,50,000, ஒரு விபத்துக்கு 5,00,000 டாலர். படிவத்தில் கையெழுத்துப் போட்டு 50,000, 1,00,000 வரைக்கும் இறக்கலாம். 2020-க்கு முன் குறைந்தபட்சம் 20,000, 40,000-ஆகத்தான் இருந்தது. ஏன் ஏற்றினார்கள் என்றால், இப்போது எதிரில் வருபவரின் பிஐபி தீர்ந்துபோனால் மீதி மருத்துவச் செலவுக்கு அவர் நம்மீது வழக்குப் போட முடியும். பலரும் குறைந்த பிஐபி எடுக்க ஆரம்பித்த மாநிலத்தில் லயபிலிட்டியை இறக்குவது வீட்டைப் பணயம் வைப்பதுதான். வெய்ன் கவுண்டிப் பக்கம் தினமும் ஓட்டுபவர்கள் 'அன்இன்ஷ்யூர்டு மோட்டாரிஸ்ட்' பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டாயமில்லை, ஆனால் இன்சூரன்ஸ் இல்லாதவர் மோதினால் கைகொடுப்பது அதுதான்.

கார் சேதத்துக்கு வருவோம். இங்கே அடுத்தவர் மோதினாலும் உங்கள் காரை உங்கள் பாலிசியின் கொலிஷன் (மோதல் சேதத்துக்கான) பகுதிதான் சரிசெய்ய வேண்டும். அதில் மூன்று வகை. 'பிராட்' வகையில், தவறு பெரும்பாலும் உங்களுடையது இல்லையென்றால் டிடக்டிபிள் கட்ட வேண்டாம். 'ஸ்டாண்டர்டு' வகையில் யார் தவறானாலும் கட்ட வேண்டும். 'லிமிடெட்' வகையில் தவறு பெரும்பாலும் உங்களுடையது என்றால் பணமே வராது. இரண்டு கொட்டேஷனிலும் 'கொலிஷன் 500' என்று போட்டிருந்தால் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள், வகையைப் பாருங்கள். கொலிஷனே இல்லாத பழைய காரை யாராவது இடித்தால், மினி டார்ட் என்ற வழியில் அவரிடமிருந்து 3,000 டாலர் வரை வாங்கலாம். 2020 ஜூலை வரை அது வெறும் 1,000.

நிறுத்தி வைத்த கார் என்றால் கதையே வேறு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கோயில் நிறுத்துமிடத்தில் பனிக்குவியலுக்குப் பக்கத்தில் எங்கள் காரை ஒழுங்காகக் கட்டத்துக்குள் நிறுத்திவிட்டு உள்ளே போனோம். பிரசாதத் தட்டோடு திரும்பி வந்தால் பின்பக்க பம்பர் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல மனிதர், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இடித்தவர், தன் இன்சூரன்ஸ் அட்டையோடு குளிரில் நின்றுகொண்டிருந்தார். என் கொலிஷனில் கிளெய்ம் போட வேண்டியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டியதில்லை. ஒழுங்காக நிறுத்தப்பட்ட காருக்கு, கட்டடத்துக்கு, வேலிக்கு ஏற்படும் சேதத்தை இடித்தவரின் பிபிஐ (பிஐபி அல்ல, அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கான பகுதி) கொடுக்கும். 10 லட்சம் டாலர் வரையான அந்தப் பகுதி மிச்சிகனில் எல்லாப் பாலிசியிலும் கட்டாயம். என் டிடக்டிபிளும் போகவில்லை.

கவுண்டிவாரியாகப் பார்த்தால்

ஓக்லாண்டில் திருட்டுப் பயம் குறைவு, ஆனால் மான் பயம் அதிகம். மாநிலம் முழுவதும் சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு 50,000-க்கு மேல் மான் விபத்துகள் பதிவாகின்றன. எண்ணிக்கையில் ஓக்லாண்ட் முன்வரிசையில் வரும் கவுண்டி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம். மான்மேல் மோதினால் காம்ப்ரிஹென்சிவ் (திருட்டு, விலங்கு போன்றவற்றால் வரும் சேதத்துக்கான பகுதி) கொடுக்கும். மானைத் தவிர்க்க வண்டியை ஒடித்து மரத்தில் மோதினால் அது கொலிஷன். அதனால் நோவியில் வீடு பார்ப்பவர்கள் காம்ப்ரிஹென்சிவ் டிடக்டிபிளைக் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது.

மகோம் கவுண்டியில் டெட்ராய்டை ஒட்டிய வாரன், ஈஸ்ட்பாயின்ட் பக்கம் விலை கூடும், வடக்கே போகப்போக இறங்கும். வாஷ்டெனாவும் லிவிங்ஸ்டனும் தென்கிழக்கில் மலிவான பக்கம். ஆனால் ஆன் ஆர்பரில் இருந்துகொண்டு டியர்பார்னுக்கு வேலைக்குப் போனால் மைல் கூடும், கொட்டேஷனில் ஆண்டு மைல் கணக்கை உண்மையாகப் போட்டதும் சேமித்ததில் ஒரு பங்கு கரையும்.

வெய்னின் மேற்கு எல்லைதான் சுவாரசியம். கேன்டனின் மேற்கு ஓரத்தில் நேப்பியர் ரோடு இருக்கிறது. அந்தச் சாலைக்கு இந்தப் பக்கம் வெய்ன், அந்தப் பக்கம் வாஷ்டெனாவின் சுப்பீரியர் டவுன்ஷிப். அந்தப் பக்கத்தின் ஒரு பகுதியும் பிளிமத்-கேன்டன் பள்ளி மாவட்டத்தில்தான் வருகிறது. வடக்கே 8 மைல் ரோடும் இப்படித்தான், வெய்னுக்கும் ஓக்லாண்டுக்கும் எல்லை; நார்த்வில் நகரமே இரண்டு கவுண்டியிலும் காலை வைத்துக்கொண்டு நிற்கிறது. நேப்பியர் ரோட்டின் இரண்டு பக்கத்திலும் விற்பனைக்கு இருந்த ஒவ்வொரு வீட்டின் முகவரியைப் போட்டுப் பார்த்தோம். ஒரே நிறுவனத்தில் வித்தியாசம் இருந்தது. ஆனால் ஒரே வீட்டுக்கு இரண்டு நிறுவனங்கள் சொன்ன விலைக்கு நடுவே இருந்த வித்தியாசம் அதைவிடப் பெரிது. பல நிறுவனங்களின் பாலிசிகளை விற்கும் சுயேச்சை ஏஜென்ட்டிடம் போனதால் இது எளிதாக முடிந்தது. லான்சிங்கில் தலைமையகம் உள்ள ஆட்டோ-ஓனர்ஸ் போன்ற சில நிறுவனங்கள் அப்படிப்பட்ட ஏஜென்ட்டுகள் வழியாகத்தான் விற்கின்றன, ஆன்லைனில் மட்டும் தேடினால் கண்ணிலேயே படாது.

விலையைக் குறைக்க லிவிங்ஸ்டனில் இருக்கும் நண்பர் முகவரியைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். இரவில் கார் நிற்கும் இடத்தைத் தவறாகச் சொன்னால், விபத்துக்குப் பிறகு நிறுவனம் பாலிசியையே ஆரம்பத்திலிருந்து செல்லாது என்று சொல்லிவிட முடியும்.

கடைசியில் நாங்கள் கேன்டனிலேயே வாங்கினோம். பள்ளி, வேலைத்தூரம், வீட்டு விலை மூன்றும் அங்கே ஒத்துவந்தன, இன்சூரன்ஸில் கூடிய தொகை அந்த முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை. வரம்பில்லாத பிஐபி, கோஆர்டினேட்டட்; லயபிலிட்டி 2,50,000, 5,00,000; புதிய காருக்கு பிராட் கொலிஷன், பத்து வருடப் பழைய காருக்கு லிமிடெட். மே மாதம் அப்பா அம்மா வருகிறார்கள். டிக்கெட் போட்ட அன்றே பயணக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன்: மகன் ஓட்டும் காரில் போகும்போது விபத்து நடந்தால் கொடுப்பீர்களா, எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? பக்க எண்ணோடு பதில் வந்தபிறகுதான் பணம் கட்டினேன்.